கேள்வி எண் 7: மாத வருமானம்

போன வாரம் பிஎச்டி பதிவு செய்திருக்கும் பெண் ஒருத்தி என் அறைக்கு வந்தாள். கையில் நாலு பக்க கொஸ்டினேர். ஐந்து பேராசிரியர்கள் பார்த்து 'வேலிடேட்' செய்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும், நான் நாலாவது ஆள். தலைப்பு வழக்கமானதுதான்: பின்னலாடைத் தொழிலாளர்களின் பணித் திருப்தி, திருப்பூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு. எங்கள் பக்கம் வணிகவியல் ஆய்வேடுகளில் பாதிக்கு இந்த 'சிறப்பாகக் கொண்டு' உண்டு. மாவட்டம் மாறும், தொழில் மாறும், திருப்தி மட்டும் மாறாது.

பேனாவை எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் கேள்வி எண் 7 வந்ததும் கை நின்றுவிட்டது.

மாத வருமானம்: (அ) 5,000 ரூபாய்க்குக் கீழ் (ஆ) 5,001 முதல் 10,000 வரை (இ) 10,001 முதல் 15,000 வரை (ஈ) 15,000க்கு மேல்.

இது என் கேள்வி. எண்கூட மாறவில்லை. "இதை எங்கிருந்து எடுத்தேம்மா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கி, "சோத்கங்காவுல உங்க தீசிஸ் இருக்குங்க மேம், அதுலருந்துதான்" என்றாள். சோத்கங்கா என்பது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே அந்தக் கேள்வியை எனக்கு முந்தைய ஒரு ஆய்வேட்டிலிருந்துதான் எடுத்தேன். அவர் எங்கிருந்து எடுத்தாரோ.

அந்தக் கேள்வி தப்பு என்பது 2014 மே மாதம் ஒரு சனிக்கிழமையிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தும் என் 260 பக்க ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

2014 கோடை விடுமுறை. நான் அப்போது சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் இருந்தேன். அவிநாசியில் இருந்து பஸ் ஏறி, பைக்குள் 60 பிரதி வைத்துக்கொண்டு பனியன் கம்பெனி பனியன் கம்பெனியாக ஏறி இறங்கினேன். பெரும்பாலான இடத்தில் வாட்ச்மேனோடு சரி. கடைசியில் என் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு கம்பெனிக்குள் விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி நேரம். மேனேஜர் நல்ல மனிதர், எனக்கு உதவுவதாக நினைத்து, "எல்லாரும் டீச்சருக்கு இதை ஃபில்லப் பண்ணிக் குடுங்க" என்று சத்தம் போட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

இருபது நிமிடத்தில் முப்பது தாள் திரும்பி வந்தது. 'என் நிறுவனம் என்னை மதிக்கிறது': முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 'எனக்குக் கிடைக்கும் ஊதியம் போதுமானது': முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 'இந்த வேலையை விட்டுவிடலாம் என்று அடிக்கடி நினைக்கிறேன்': அதற்கும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில், தையல் போட்ட மாதிரி நேர்கோட்டில் டிக். சிலர் முதல் கட்டம், சிலர் இரண்டாவது கட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றியபோது அந்த எதிர்மறைக் கேள்விகள் மூன்றும் நம்பகத்தன்மைக் குறியீட்டைக் கீழே இழுத்தன. அந்தக் குறியீட்டுக்குப் பெயர் குரோன்பாக் ஆல்பா, அது 0.7க்கு மேல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வேதம். "அந்த மூணையும் எடுத்துருங்க, ஏறிடும்" என்றார்கள். எடுத்தேன், 0.91க்கு ஏறியது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அந்த 0.91ஐத் தனியாகப் பாராட்டினார்கள். ஒரே கட்டத்தில் நேர்கோடு போட்டால் ஆல்பா ஏறாமல் என்ன செய்யும்? கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்றுதான் அது பார்க்கிறது. படித்தார்களா என்று பார்ப்பதில்லை.

தாள் வாங்காமல் ஒதுங்கியிருந்தவர் செக்கிங் பிரிவில் ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கயிறு கட்டி டிரிம்மர் தொங்கிக்கொண்டிருந்தது. பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு நூலை நறுக்கிவிட்டு, வலப்பக்கமோ இடப்பக்கமோ போடுவார். சாப்பாட்டு நேரத்திலும் டிபன் பாக்ஸை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தார். "எனக்கு எழுத வராது அம்மிணி, நீ கேளு, நான் சொல்றேன்" என்றார். எனக்குச் சந்தோஷம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்த நிறுவனத்தில் எத்தனை வருட அனுபவம்?"

"பதினாலு வருஷம்."

டிக் போட்டேன். ரெண்டு நிமிஷம் கழித்து வேறு ஏதோ பேச்சில்தான் தெரிந்தது, பதினாலு வருஷம் பனியன் தொழிலில். இந்தக் கம்பெனிக்கு வந்து மூன்று மாதம். அதற்கு முன்னால் ஒரு பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம்), அதற்கு முன்னால் இன்னொரு கம்பெனி. அவர் கணக்கில் 'வேலை' என்றால் பனியன்தான், கம்பெனி பெயர் இல்லை. எனக்கு முன்னால் தாளை நிரப்பிக் கொடுத்த முப்பது பேரும் எந்தக் கணக்கில் டிக் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து ஏழாவது கேள்வி.

"மாசம் எவ்வளவு வருதுங்க அக்கா?"

"மாசமா? எங்களுக்கு ஏது அம்மிணி மாசம். வாரச் சம்பளம். சனிக்கிழமை கவர் குடுப்பாங்க."

"சரிங்க, வாரம் எவ்வளவு?"

"எந்த வாரம்?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பூரில் வேலையை நாளில் எண்ணுவதில்லை, ஷிப்டில் எண்ணுவார்கள். காலையில் வந்து சாயங்காலம் போனால் ஒரு ஷிப்ட். ராத்திரி வரை நின்றால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை நின்றால் ஒன்பது ஷிப்ட். ஆர்டர் இல்லாத வாரத்தில் மூன்று ஷிப்ட் கிடைத்தாலே பெரிசு. அந்த அக்காவுக்கு அப்போது ஷிப்டுக்கு 190 ரூபாய். ஒன்பது ஷிப்ட் என்றால் வாரம் 1,710. மூன்று ஷிப்ட் என்றால் 570. நாலு வாரமும் ஓடினால் மாதம் 6,840, நாலு வாரமும் படுத்தால் 2,280. ஒரே ஆள், ஒரே கம்பெனி, ஒரே மேஜை. ஒரு மாதம் (அ), அடுத்த மாதம் (ஆ).

அவர் என் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்கயாச்சும், வேலை இருக்கற வாரமா இல்லாத வாரமான்னு கேட்டிருக்கீங்களா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தேடினார். நாற்பத்தி மூன்று கேள்விகளில் அது இல்லை.

நான் (ஆ) என்று டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இயந்திரம் மாதிரி. மாதிரி அளவு 384. ஏன் 384? மொத்த ஆட்களுக்கு எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று காட்டும் மார்கன் டேபிள் சொல்கிறது. மொத்த ஆட்கள் பத்து லட்சம் ஆனாலும் அதற்கு மேல் ஆனாலும் அந்தக் கணக்கு 384 என்றுதான் சொல்லும், அதனால் தமிழ்நாட்டில் பாதி ஆய்வேடுகளில் 384 பேர் இருப்பார்கள். நான் 450 தாள் கொடுத்தேன், 412 திரும்பி வந்தது, 'முழுமையற்றவை' என்று 28 தாளை ஒதுக்கினேன். கழித்துப் பாருங்கள், சரியாக வரும். ஒரிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் அப்போதே ஓவர்லாக்கிலும் பேக்கிங்கிலும் நிறைய இருந்தார்கள். என் தாள் தமிழில் இருந்ததால் அவர்களில் ஒருவர்கூட என் 384க்குள் இல்லை. 'ஆய்வின் வரம்புகள்' என்ற பகுதியில் நான் எழுதியது என்ன தெரியுமா? 'நேரமும் செலவும் ஆய்வாளருக்குத் தடையாக இருந்தன.'

பிறகு கை ஸ்கொயர், இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை. வருமானத்துக்கும் பணித் திருப்திக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கிறது என்று வந்தது. வருமானம் என்ற பத்தியில் இருந்தது பாதி நான் போட்ட டிக். பிறகு கேரட் ரேங்கிங். காய்கறி இல்லை, தரவரிசைகளை மதிப்பெண்ணாக மாற்றும் ஒரு பழைய முறை. ஏன் எங்கள் ஊர் ஆய்வேடுகளுக்கு அதன்மேல் இத்தனை பிரியமோ. கடைசியில் ஆலோசனைகள்: நிர்வாகம் மாதம் ஒருமுறை குறைதீர்க்கும் கூட்டம் நடத்தலாம், தொழிலாளர்களுக்கு யோகா வகுப்பு வைக்கலாம். எந்த நிர்வாகத்துக்கும் நான் அதை அனுப்பவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இதழில் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2,500 ரூபாய் கட்டினேன், நாலு நாளில் வெளிவந்தது. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியபோது, என் இதழும் அதில் இருக்குமோ என்று தேடக்கூட எனக்கு மனம் வரவில்லை. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். எம்ஃபில் படிப்பையும் சேர்த்து.

பட்டம் கையில் வந்து ஒரு வருஷம் கழித்து, ஒரு புத்தாக்கப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு, பாதிப் பேர் தூக்கம். பேச வந்தவர் மும்பைப் பக்கத்து நெசவு ஆலைகளில் நடந்த ஒரு ஆய்வைச் சொன்னார். நிக்கோலஸ் புளூம், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கன்சி முதலான ஐந்து பேர் செய்து 2013இல் வெளியிட்டது. தாராப்பூர், உமர்காவ் பகுதிகளில் 17 கம்பெனிகள், அவற்றின் 28 ஆலைகள். குடும்ப நிர்வாகம், பருத்தித் துணி நெசவு. சிலவற்றுக்கு ஐந்து மாதம் இலவசமாக ஆலோசகர்களை அனுப்பினார்கள். மீதியில் ஒரு மாதம் நிலவரத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்ததோடு சரி.

ஆலோசகர்கள் அங்கே சொன்னதெல்லாம் பெரிய வித்தை இல்லை. குடோனில் நூல் மூட்டைகள் பெயர்ச் சீட்டு இல்லாமல் குவிந்து கிடக்கின்றன, அடுக்கி எழுதி வையுங்கள். உதிரிப் பாகங்களுக்கு அலமாரி வையுங்கள். தறி ஏன் நின்றது என்று நோட்டில் குறியுங்கள். துணியில் எந்த இடத்தில் என்ன பழுது என்று தினம் எண்ணுங்கள். இந்த மாதிரி 38 பழக்கங்கள். இதைச் செய்த ஆலைகளில் முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. அப்படியானால் இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கும் அவர்கள் பதில் தேடியிருக்கிறார்கள். சில முதலாளிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், அதனால் லாபம் வரும் என்று நம்பவில்லை. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: அந்தக் கம்பெனிகள் எவ்வளவு பெரிதாக வளர்ந்தன என்பதற்கும் குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பு இருந்தது. வெளி ஆளை நம்பிச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள், அண்ணன் தம்பி எத்தனை பேரோ அத்தனை ஆலை. நம்ம ஊரில் கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சு இது. அதை எண்ணிப் பார்த்து ஆய்விதழில் போட்டிருக்கிறார்கள்.

தூக்கம் போய்விட்டது. நான் திருப்தியைக் கேட்டேன், அவர்கள் பழுதை எண்ணினார்கள். 'செக்கிங்' அக்கா நாள் முழுக்கச் செய்த வேலை அதுதான். நல்ல பனியன் வலது, பழுது இடது. இடப்பக்கக் குவியல் எந்தக் கிழமை உயர்ந்தது, எந்த லைனில் இருந்து வந்தது என்று நான் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருந்தால்கூட என் 384 தாளைவிட அது உருப்படியாக இருந்திருக்கும்.

அந்த மும்பைப் பக்கத்து ஆய்வைச் செய்தவர்கள், அதைத் தொடங்கி ஒன்பது வருஷம் கழித்து, 2017இல், அந்த ஆலைகளுக்குத் திரும்பிப் போனார்கள். பாதிப் பழக்கங்கள் கைவிட்டுப் போயிருந்தன. மேனேஜர் மாறியிருக்கிறார், முதலாளிக்கு நேரம் இல்லை. ஆனாலும் ஆலோசனை பெறாத ஆலைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் நன்றாகவே தெரிந்தது. இந்தத் திரும்பிப் போகிற காரியம் நம் நாட்டு ஆலைகளுக்குப் புதிதில்லை. 1953இல் அகமதாபாத் காலிகோ மில்லில் ஏ.கே. ரைஸ் என்ற ஆங்கிலேயர் தறிக்கூடத்து வேலையைச் சிறு குழுக்களிடம் மொத்தமாக ஒப்படைத்துப் பார்க்கலாமே என்றார். அவர் முடிப்பதற்குள் தொழிலாளர்களே யார் யாரோடு சேர்வது என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்களாம். எரிக் மில்லர் என்ற இன்னொரு ஆய்வாளர் 1970இல் போய்ப் பார்த்தபோது ஒரு கூடத்தில் அந்த முறை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷம்! நான் தாள் வாங்கிய கம்பெனிக்கு நன்றி சொல்லக்கூட மறுபடி போகவில்லை.

என் ஊரைப் பற்றியே ஒரு நல்ல ஆய்வு இருப்பதும் அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் தெரிந்தது. அது இன்னும் வெட்கம். அபிஜித் பானர்ஜி, பின்னாளில் 2019இல் நோபல் வாங்கினாரே அவரேதான், கைவன் முன்ஷியோடு சேர்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் பற்றி எழுதி 2004இல் வெளியிட்டிருக்கிறார். உள்ளூர்க் கவுண்டர் முதலாளிகளிடமும் வெளியிலிருந்து வந்து தொழில் போட்ட முதலாளிகளிடமும் எவ்வளவு முதல் இருக்கிறது, அதைக் கொண்டு எவ்வளவு உற்பத்தி செய்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்களிடம் முதல் அதிகம். வெளியில் இருந்து வந்தவர்கள் சிறிதாகத் தொடங்கி, ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்து முந்திக்கொண்டார்கள். பணம் அதை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவரைத் தேடிப் போகவில்லை, உறவு இருக்கிற இடத்தில் தங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். நிலத்தில் சம்பாதித்த காசு சொந்தபந்தத்துக்குள்ளேயே கைமாறித்தான் இந்தத் தொழில் எழுந்தது என்பது எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் மறுபக்கத்தை எழுதத் துணிந்த உள்ளூர் ஆய்வேடு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. என் ஆய்வேட்டின் 'இலக்கிய மீள்பார்வை'யில் 96 ஆய்வுகள் இருந்தன. இது இல்லை. 96இல் முக்கால்வாசி இன்னொரு ஆய்வேட்டின் மீள்பார்வையில் இருந்து வந்தவை என்றால் எப்படி இருக்கும்?

உடனே யாராவது சொல்வார்கள், அவர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், பெரிய நிதி, நமக்கு என்ன இருக்கிறது என்று. வாஸ்தவம். ஆலோசகர்களை ஐந்து மாதம் அனுப்ப எனக்கு வக்கில்லை. ஆனால் இருபது பெண்களிடம் சனிக்கிழமை தோறும் சம்பளக் கவரைப் பார்த்து ஷிப்டை எழுதிக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கவரின் மேலேயே பேனாவில் எழுதியிருப்பார்கள், இத்தனை ஷிப்ட், அட்வான்ஸ் பிடித்தம் இவ்வளவு என்று. மூன்று வருஷம் பிஎச்டி என்றால் நூற்றைம்பது சனிக்கிழமைக்கு மேல். அப்படி ஒரு நோட்டு 2014இல் இருந்து இருந்திருந்தால், 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போன வாரங்களில் அந்தக் கவருக்குள் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும். ஊரடங்கில் தெரிந்திருக்கும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதே, அப்போது ஒன்பது ஷிப்ட் எத்தனை ஆனது என்றும் தெரிந்திருக்கும். இப்போது இதற்கெல்லாம் ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முழுசாக இல்லை, யோகா வகுப்பை மட்டும் விட்டுவிட்டேன். பொறுமையாகக் கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கேட்டு முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்: "நோட்டு எழுதலாம் மேம். ஆனா இருபது பேர்தான்னா டிசி மீட்டிங்ல சாம்பிள் பத்தாதுன்னு சொல்லுவாங்களே?" டிசி என்றால் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி. சொல்வார்கள். அந்தக் கமிட்டியில் நானும் இருந்தால் நானே சொல்லியிருப்பேன், மூன்று வருஷம் முன்னால் ஒரு பையனுக்கு அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். 384ஐயும் வைத்துக்கொள், நோட்டையும் எழுது என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஏழாவது கேள்வியை அடித்துவிட்டு, 'போன சனிக்கிழமை கவரில் எத்தனை ஷிப்ட்?' என்றும், 'அதற்கு முந்தின வாரம்?' என்றும் இரண்டாக எழுதினாள். அனுபவத்தைத் தொழிலில் எத்தனை வருஷம், இந்தக் கம்பெனியில் எத்தனை மாதம் என்று பிரித்தாள். இந்தியில் ஒரு பிரதி போடச் சொன்னேன், ஒடியாவிலும் வேண்டுமே என்று அவளே சொன்னாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று சனிக்கிழமை, ராத்திரி எட்டரைக்குப் போன். பின்னால் மிஷின் சத்தம், ஏதோ ஒரு பவர் டேபிளில் இருந்து பேசுகிறாள். "மேம், இங்க ஒரு அக்கா, போன வாரம் எத்தனை ஷிப்ட்னு கேட்டா, எனக்கு ஷிப்டே கிடையாது, பீஸ் ரேட்டுங்கறாங்க. டஜனுக்கு இவ்வளவுன்னு. அதுவும் அவங்களும் அவங்க பொண்ணும் சேர்ந்து தைக்கறாங்க, காசு ஒரே கவர்ல வருது. இது ஒரு ரெஸ்பாண்டென்ட்டா, ரெண்டா?"

பொண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.